‘சிந்தெற்றிக்’ எண்டால் என்ன? ஒயில் போத்தலுக்குள் ஒரு நூற்றாண்டு

போன மாசம் நண்பன் ஒருவனின் காருக்கு ஒயில் மாற்ற யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜுக்குப் போயிருந்தோம். டேர்போ பூட்டிய ஜப்பான் கார். பதினைந்து வருசத்துக்கு மேல் பழசு. அவன் அதை உயிர் மாதிரி வைத்திருக்கிறான். கையில் புதுசாக வாங்கிய நாலு லீற்றர் கான்.

“என்ன ஒயில் தம்பி கொண்டந்திருக்கிறீர்?”

“ஃபுல்லி சிந்தெற்றிக் அண்ணை. நல்ல விலை குடுத்து வாங்கினது.”

“அது விளங்குது. இலக்கம் என்ன?”

நண்பன் முழிசினான். கானைத் திருப்பிப் பார்த்தால் 0டபிள்யூ-20. அண்ணை சிரிக்கவில்லை. “இது பெற்றோல் மிச்சம் பிடிக்கிற புது எஞ்சினுகளுக்கு வாற ஒயில். உம்மட டேர்போவுக்கு இது காணாது. சிந்தெற்றிக் எண்ட சொல்லை மட்டும் பாத்து வாங்கினா இப்பிடித்தான்” எண்டார். பிறகு காரின் கைநூலை எடுக்கச் சொல்லி, பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி.

வீட்டுக்கு வரும் வழியில் எங்களுக்குள் கதை அதைப் பற்றித்தான். இந்தச் சொல்லுக்குப் பத்தாயிரக்கணக்கில் காசு கொடுக்கிறோம். ஆனால் அதன் அர்த்தம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ‘செயற்கை’ எண்டால் எதில் இருந்து செய்தது? யார் செய்தது? ஏன் செய்தார்கள்? தேடி வாசித்தோம். வேலிக்கரை ஆமணக்கில் தொடங்கி, இரண்டு உலக யுத்தங்களுக்குள்ளால் போய், ஜெட் விமானத்தில் ஏறி, கடைசியில் ஒரு விளம்பர வழக்கில் வந்து நிற்கிற கதை அது. அதைத் தெரிந்துகொண்டால் கடையில் நிற்கும்போது கண் வேறு இடத்துக்குப் போகும் எண்டு எங்களுக்குப் படுகிறது.

ஆமணக்குக் காலம்

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எங்கட பத்திரிகைகளில் ‘மசகெண்ணெய் விலை ஏறியது’ என்று வந்தால், அது நிலத்துக்கு அடியில் இருந்து எடுக்கிற, சுத்திகரிக்காத எண்ணெய். ஆனால் ‘மசகு’ எண்ட சொல்லின் பழைய பொருள் வேறு. வண்டில் அச்சு கிறீச்சிடாமல் இருக்கப் பூசுகிற பொருள்தான் மசகு. இந்தக் கட்டுரையில் பேசுவது அந்த வேலையைச் செய்கிற எண்ணெயைப் பற்றி.

மோட்டர் எஞ்சின் வந்த காலத்தில் அந்த வேலைக்கு இரண்டு எண்ணெய்கள் போட்டியிட்டன. ஒன்று, நிலத்தில் இருந்து வந்த கனிய எண்ணெய். மற்றது, தாவரத்தில் இருந்து வந்த ஆமணக்கெண்ணெய். ஆம், சின்ன வயதில் எங்கட ஆச்சிமார் மூக்கைப் பிடித்துக்கொண்டு பருக்கிய அதே பேதி எண்ணெய்தான். 1899இல் லண்டனில் சார்ள்ஸ் வேக்ஃபீல்ட் தொடங்கிய மசகெண்ணெய்க் கம்பனி, 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த ஒயில் ஒன்றைச் சந்தைக்கு விட்டது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர்’ என்பதில் இருந்து அதற்கு ‘காஸ்ட்ரோல்’ எண்டு பெயர் வைத்தார்கள். பிறகு அந்தக் கம்பனியே அந்தப் பெயரால் அறியப்பட்டது.

ஆமணக்குக்கு ஏன் இந்த மதிப்பு? அதன் மூலக்கூறு உலோகத்தின் மேற்பரப்பைப் பற்றிப் பிடிக்கும். சூட்டிலும் அதன் படலம் இலகுவில் அறாது. முதலாம் உலக யுத்தத்தில் பறந்த பல போர் விமானங்களில் இருந்தது சுழல் எஞ்சின். அதில் நடுத்தண்டு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் முழுவதும் அதைச் சுற்றிச் சுழலும். பெற்றோல் ஆவியும் ஒயிலும் ஒரே அறைக்குள்ளால் போகவேண்டும். கனிய எண்ணெயைப் பெற்றோல் கரைத்து விடும். ஆமணக்கெண்ணெய் இலகுவில் கரையாது. அதனால் அதையே ஊற்றினார்கள். எஞ்சின் அதை எரித்தும் எரிக்காமலும் வெளியே கக்கும். பின்னால் இருந்த விமானிகளின் முகமெல்லாம் ஆமணக்கெண்ணெய். அதைச் சுவாசித்து வயிறு கலங்கிய விமானிகளைப் பற்றி இன்றும் பகிடியாகச் சொல்வார்கள்.

ஆனால் ஆமணக்குக்கு ஒரு பெரிய குறை இருந்தது. சூட்டில் நெடுகக் கிடந்தால் அது ஒட்சியேற்றம் அடைந்து பசையாகிவிடும். பிஸ்டன் வளையங்கள் இறுகிப்போகும். பந்தயக் காருக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற காருக்கு அது சரிவராது. அதனால் மலிவான கனிய எண்ணெய் வென்றது.

அதே காலத்தில்தான் இலக்கமும் பிறந்தது. அமெரிக்காவின் வாகனப் பொறியியலாளர் சங்கமான எஸ்.ஏ.ஈ. 1911இல் ஒயிலைத் தடிப்பின்படி வகைப்படுத்தத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் ‘பிசுக்குமை’ எண்டு படித்தோமே, அதுதான். 1933இல் குளிர்காலத்துக்கான வகைகள் சேர்ந்தன. இலக்கத்துக்குப் பின்னால் வரும் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. எங்கட நாட்டில் விற்கிற ஒவ்வொரு கானிலும் இன்னொரு நாட்டின் குளிர்காலம் எழுதியிருக்கிறது.

யுத்தத்தின் பிள்ளை

ஆய்வுகூடத்தில் மூலக்கூறுகளைக் கட்டி மசகெண்ணெய் செய்யும் முயற்சியை 1929இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஒயில் ஒஃப் இண்டியானா செய்து பார்த்தது. பொருள் நல்லதுதான். ஆனால் வாங்க ஆள் இல்லை. நிலத்தில் இருந்து மலிவாக ஒயில் பாய்கிற நாட்டில், பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கும் நேரத்தில், யார் கூடக் காசு கொடுப்பார்கள்?

ஜேர்மனியின் நிலைமை வேறு. அங்கே நிலக்கரி தாராளம், எண்ணெய்க் கிணறுகள் மிகக் குறைவு. நிலக்கரியை உயர் அழுத்தத்தில் ஐதரசனோடு சேர்த்துத் திரவமாக்கும் வழியை 1913இலேயே பிரீட்ரிஷ் பேர்கியுஸ் கண்டுபிடித்திருந்தார். 1931இல் அவருக்கும் கார்ல் பொஷ்ஷுக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஐ.ஜி. ஃபார்பன் எண்ட மாபெரும் இரசாயனக் கம்பனி 1927 முதல் லொய்னா தொழிற்சாலையில் நிலக்கரியில் இருந்து பெற்றோல் எடுத்தது. ஹிட்லர் யுத்தத்துக்கு ஆயத்தமானபோது, கடல் வழி அடைபட்டாலும் வண்டி ஓடவேண்டும் எண்ட திட்டத்தின் நடுவில் இந்தக் கம்பனி இருந்தது.

அங்கேதான் ஹெர்மன் ஸோர்ன் எண்ட இரசாயனவியலாளர் வேலை செய்தார். அவர் தேடியது, தாவர எண்ணெயின் நல்ல குணம் இருக்கவேண்டும், ஆனால் பசையாகக் கூடாது. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், தாவர எண்ணெய் எல்லாமே இயற்கை எசுத்தர்கள். அற்ககோலையும் அமிலத்தையும் வேறு வேறு விதமாகச் சேர்த்து 3500க்கு மேற்பட்ட எசுத்தர்களை அவருடைய ஆய்வுக்குழு செய்து பார்த்தது. இன்றைக்குப் பந்தய ஒயில் கான்களில் ‘எஸ்டர்’ எண்டு பெருமையாக எழுதியிருப்பதன் மூலம் அந்த மேசைதான்.

யுத்தம் ரஷ்யக் குளிருக்குள் போனபோது ஒயிலின் பிரச்சினை வெளிப்படையானது. 1941-42 குளிர்காலத்தில் கனிய எண்ணெய் தார் மாதிரி இறுகியது. விமானங்களும் டாங்கிகளும் ஸ்ராட் ஆக மறுத்தன. ஜேர்மன் விமானப்படை ஒரு உபாயம் செய்தது. எஞ்சினை நிப்பாட்ட முன்னம் ஒயிலுக்குள் வேண்டுமெண்டே பெற்றோல் கலந்து அதை மெல்லியதாக்கினார்கள். அடுத்த நாள் எஞ்சின் சூடாகும்போது பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். ரஷ்யர்களும் இதைச் செய்தார்கள். இந்த உபாயத்தை நினைவில் வைத்திருங்கள். கொஞ்சம் பிறகு இதே விசயம் எங்கட ஊரில் தலைகீழாக வரும்.

இந்தக் கதையை ‘விஞ்ஞான சாதனை’ எண்டு சொல்லிவிட்டு நாங்கள் கடந்துபோக முடியாது. அதே ஐ.ஜி. ஃபார்பன்தான் ஔஷ்விட்ஸ் முகாமுக்குப் பக்கத்தில், மொனோவிட்ஸில், செயற்கை றப்பரும் எரிபொருளும் செய்வதற்கு ஒரு பெரும் தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கியது. கட்டியவர்கள் கைதிகள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிலேயே செத்தார்கள். வேலை செய்ய ஏலாது எண்டு கழிக்கப்பட்டவர்கள் விசவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவி அங்கே கைதியாக இருந்தவர். அவரும் ஒரு இரசாயனவியலாளர். யுத்தம் முடிந்து நியூரம்பேர்க்கில் 1947-48இல் இந்தக் கம்பனியின் அதிகாரிகள் விசாரிக்கப்பட்டார்கள். 13 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். ஆகக் கூடிய தண்டனை 8 வருடம். சில வருடங்களிலேயே எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

மொனோவிட்ஸில் மசகெண்ணெய் செய்தார்கள் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ‘செயற்கையாகச் செய்வோம்’ எண்ட அந்தத் திட்டம் முழுவதும் ஒன்றுதான். அதற்கு ஆய்வுகூடமும் இருந்தது, முள்ளுக்கம்பியும் இருந்தது. யுத்தத்தைக் கண்ட ஊரில் பிறந்த எங்களுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

ஜெட்டில் இருந்து காருக்கு

யுத்தத்துக்குப் பிறகு ஜெட் எஞ்சின் பரவலானது. மேலே பறக்கும்போது கடும் குளிர், டேர்பைன் பக்கத்தில் கடும் சூடு. கனிய எண்ணெயால் இரண்டையும் தாங்க ஏலவில்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்திலும் யுத்த காலத்திலேயே எசுத்தர் ஆராய்ச்சி நடந்திருந்தது. 1950களில் ஜெட் எஞ்சினுக்கு எசுத்தர் ஒயில்தான் எண்டு ஆகிவிட்டது.

இங்கேதான் எங்களை வியக்க வைத்த விசயம் இருக்கிறது. அந்த முதல் தலைமுறை ஜெட் ஒயில்கள் பல செபாசிக் அமிலத்தின் எசுத்தர்கள். செபாசிக் அமிலத்தை எதில் இருந்து எடுக்கிறார்கள்? ஆமணக்கெண்ணெயில் இருந்து. சுழல் எஞ்சினில் இருந்து துரத்தப்பட்ட ஆமணக்கு, பசையாகிற குணத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஜெட்டுக்குள் திரும்பி வந்தது. ‘செயற்கை’ எண்டால் இயற்கைக்கு எதிரானது எண்டு நாங்கள் நினைத்தது பிழை. எதில் இருந்து வந்தது என்பதை விட, மூலக்கூறை எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் விசயம்.

ஜெட்டில் இருந்து காருக்கு வர இன்னும் இருபது வருடம் எடுத்தது. அமெரிக்காவில் போர் விமானியாக இருந்த அல்பேர்ட் அமாட்டுஸியோ, ஜெட்டுக்கு ஊற்றுகிறதை ஏன் காருக்கு ஊற்றக்கூடாது எண்டு யோசித்தார். 1972இல் அவருடைய அம்ஸொயில், அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகமான ஏ.பி.ஐ.யின் தரத்தை எட்டிய முதல் செயற்கைக் கார் ஒயில் எண்டு பெயர் எடுத்தது. பிரான்சின் மொட்டூல், தன்னுடைய 300வீ 1971இலேயே வந்துவிட்டது எண்டு சொல்கிறது. ‘நாங்கள்தான் முதல்’ எண்ட போட்டி இன்னும் முடியவில்லை. 1970களின் நடுப்பகுதியில் மொபில் 1 வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எல்லோரும் எரிபொருளை மிச்சம் பிடிக்க அலைந்த நேரம் அது. மொபில் 1 முதலில் வந்தது 5டபிள்யூ-20 எண்ட மெல்லிய இலக்கத்தில். அதாவது, காருக்கான செயற்கை ஒயிலின் முதல் பெரிய விற்பனைக் கதை வேகம் இல்லை, சிக்கனம். எங்கட நண்பன் வாங்கிய 0டபிள்யூ-20 அந்தப் பரம்பரையில் வந்ததுதான். அது கூடாத ஒயில் இல்லை. அவனுடைய எஞ்சினுக்கு உரியது இல்லை, அவ்வளவுதான்.

சொல் கை மாறிய கதை

1990கள் வரை ‘சிந்தெற்றிக்’ எண்டால் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் கட்டிய மூலக்கூறு எண்டே விளங்கிக்கொண்டார்கள். ஏ.பி.ஐ. அடிப்படை எண்ணெய்களை ஐந்து குழுவாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் நிலத்தில் இருந்து வருபவை, ஒன்றை விட மற்றது கூடச் சுத்தம். நாலாவது பொலிஆல்ஃபாஓலிஃபின், கட்டப்பட்ட பொருள். எசுத்தர் ஐந்தாவதில் வரும்.

மூன்றாவது குழுவில்தான் சிக்கல். கனிய எண்ணெயை ஐதரசனோடு கடுமையாகப் பதப்படுத்தி, மூலக்கூறுகளை உடைத்து, திருப்பி ஒழுங்குபடுத்துகிறார்கள். குணத்தில் நாலாம் குழுவை நெருங்கிவிடும். விலை குறைவு. 1990களின் பிற்பகுதியில் காஸ்ட்ரோல் கம்பனி அமெரிக்காவில் விற்ற தன்னுடைய செயற்கை ஒயிலை நாலாம் குழுவில் இருந்து மூன்றாம் குழுவுக்கு மாற்றியது. கானில் சொல் மாறவில்லை. மொபில், விளம்பரங்களை விசாரிக்கும் தேசிய அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் தீர்ப்பு காஸ்ட்ரோல் பக்கம் வந்தது. இதையும் ‘சிந்தெற்றிக்’ எண்டு சொல்லலாம் எண்டார்கள். அதற்குப் பிறகு மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். இன்றைக்குக் கடையில் ‘ஃபுல்லி சிந்தெற்றிக்’ எண்டு இருக்கிற கான்களில் கனக்க மூன்றாம் குழுதான்.

இது முழு ஏமாத்து எண்டு சொல்ல ஏலாது. நல்ல மூன்றாம் குழு ஒயில் உண்மையிலேயே நல்ல ஒயில். ஆனால் சொல் முந்தி சொன்ன செய்தியை இப்ப சொல்வதில்லை.

எங்கட நாட்டு வரலாறும் இதற்குள் வரும். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாகி, ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ கம்பனிகளின் சொத்துகளை அரசு எடுத்தது. நட்டஈட்டுப் பிரச்சினையில் 1963இல் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. முப்பது வருடத்துக்குப் பிறகு காற்று மற்றப் பக்கம் அடித்தது. கூட்டுத்தாபனத்தின் மசகெண்ணெய்ப் பிரிவு தனிக் கம்பனியாகி, 1994இல் அதன் 51 வீதப் பங்கு கால்டெக்ஸிடமே போனது. பிறகு சந்தை மற்றவர்களுக்கும் திறந்தது. எங்கட அப்பாமார் கடைக்குப் போய் ‘ஒயில் தாங்கோ’ எண்டு கேட்டால் காணும். எங்களுக்கு முன்னால் ஒரு சுவர் நிறையக் கான்கள்.

எங்கட வெயில்

கராஜ் அண்ணையிடம் பிறகு ஒரு நாள் போய், தடைக்காலத்தில் என்ன செய்தீர்கள் எண்டு கேட்டோம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒஸ்ரின் ஏ40 மாதிரிப் பழைய கார்களின் சுருக்க விகிதம் 7:1 அளவில்தான். அதனால் அவை அதைத் தாங்கின.

“கார் ஓடும். ஆனா ஒயில்தான் பிரச்சினை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனுக்குப் பக்கத்தால வழிஞ்சு கீழ ஒயிலுக்க போயிடும். கம்பிய எடுத்துப் பாத்தா ஒயில் மட்டம் குறையாது, கூடும். கூடுதெண்டு சந்தோசப்படேலாது. மணந்து பாக்கவேணும்.”

ஜேர்மன் விமானப்படை குளிரில் வேண்டுமெண்டு செய்தது, இங்கே வெயிலில் வேண்டாமல் நடந்தது. பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். மண்ணெண்ணெய் இலகுவில் போகாது. ஒயில் தண்ணியாகி, பெயாரிங் தேயும். ஒயிலின் வேலை உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு படலமாக நிற்பது என்பதை அந்தத் தலைமுறை மெக்கானிக்மார் மணந்தே படித்தார்கள்.

இப்ப வெயில் பற்றிப் பொதுவாக இருக்கிற ஒரு பிழையான நினைப்பைப் பார்ப்போம். ‘வெளியே 35 பாகை, அதனால் தடிச்ச ஒயில் வேணும்’ என்கிறார்கள். ஓடிச் சூடான எஞ்சினில் ஒயில் சாதாரணமாக 90 முதல் 110 பாகை செல்சியஸில் இருக்கும், ஊர் எதுவானாலும். வெளிச்சூடு செய்வது வேறு. றேடியேற்றருக்கும் காற்றுக்கும் இடையிலான வித்தியாசத்தை அது குறைக்கிறது. எஞ்சின் தன் சூட்டைக் கொட்ட இடம் குறைகிறது. அதோடு காலியில் இருந்து கொழும்புக்குள் நுழைந்து நெரிசலில் ஏசியோடு ஊருவதும், டேர்போ காரை அழுத்தி ஓட்டுவதும் சேர்ந்தால் ஒயில் 130 பாகையைத் தாண்டலாம். டேர்போவின் வெளியேற்று வாயு 800, 900 பாகையைத் தொடும். அதன் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். பறந்து வந்து உடனே எஞ்சினை நிப்பாட்டினால், அங்கே நின்றுபோன ஒயில் வெந்து கரியாகிவிடும். ஒட்சியேற்றத்துக்கு ஒரு பொதுவான கணக்கு உண்டு: 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஒழுங்காகக் கட்டப்பட்ட மூலக்கூறு இந்த இடத்தில்தான் தன் விலைக்கு வேலை செய்கிறது.

அப்ப என்னத்தைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, கைநூல். அதில் பல இடங்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ற இலக்கங்கள் ஒரு பட்டியலாக இருக்கும். அது அனுமதிக்கிற எல்லைக்குள் மட்டும் தெரிவு செய்யுங்கள். ‘வெயிலுக்கு நல்லது’ எண்டு புது எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவதும் பிழைதான். ஒடுங்கிய ஒயில் பாதைகளுக்குள் அது நேரத்துக்குப் போகாது.

இரண்டாவது, பின் இலக்கம். ‘டபிள்யூ’க்கு முன்னால் இருப்பது குளிர்ச் சோதனை. 0டபிள்யூ எஞ்சின் சுழற்றும் சோதனையில் மறை 35 பாகையில் பார்க்கப்படுவது, 10டபிள்யூ மறை 25இல். நுவரெலியாவில் கூட அவ்வளவு குளிர் இல்லை. எங்களுக்கு முக்கியம் பின்னால் வருகிற 30, 40, 50. அது 100 பாகையில் ஒயிலின் தடிப்பு.

மூன்றாவது, கானில் பெரிதாக எழுதாத ஒரு எண். 150 பாகையில், வேகமாக நசுக்கப்படும்போது ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது எண்டு அளப்பதை எச்.ரி.எச்.எஸ். என்பார்கள். 20 இலக்க ஒயிலுக்கு ஆகக் குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல் செக்கன், 30க்கு 2.9. 5டபிள்யூ-40க்கு 3.5. அழுத்தி ஓடுகிற டேர்போ எஞ்சினுக்குக் கைநூல் இடம் கொடுத்தால் 3.5க்கு மேல் பார்ப்பது நல்லது. கானில் ஐரோப்பியத் தரமான ஏ3/பி4 அல்லது சி3 இருந்தால், அந்த எல்லை அதற்குள்ளேயே வந்துவிடும். ஏ3/பி4 இன்னொன்றையும் பார்க்கிறது. 250 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தால் 13 வீதத்துக்கு மேல் ஆவியாகக் கூடாது.

நாலாவது, ஏ.பி.ஐ. எழுத்து. பெற்றோல் எஞ்சினுக்கு 2020இல் வந்த எஸ்.பி. தரம், நேரடியாகப் பெற்றோல் பீச்சுகிற டேர்போ எஞ்சின்களில் நேரத்துக்கு முந்தி எரிகிற பிரச்சினையையும் கணக்கில் எடுத்தது. மோட்டச்சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் கார் ஒயிலை ஊற்றவேண்டாம். கிளச் ஒயிலுக்குள் நனைகிற சைக்கிளென்றால் ஜாசோ எம்.ஏ. எண்டு இருக்கிறதா எண்டு பாருங்கள். இல்லாவிட்டால் கிளச் வழுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்து, அதற்குப் பிறகு கானில் ‘சிந்தெற்றிக்’ எண்டும் இருந்தால் நல்லது. வரிசை அப்படித்தான் இருக்கவேண்டும். கம்பனியின் தரவுத் தாளை போனில் இறக்கிப் பார்த்தால் இந்த எண்கள் பெரும்பாலும் கிடைக்கும். தரவுத் தாளே இல்லாத ஒயிலுக்கு நாங்கள் காசு கொடுக்கமாட்டோம்.

இந்தக் கணக்கு இப்ப முன்னெப்போதையும் விட முக்கியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்தாலும் விலை எங்கட கைக்கு எட்டாது. இருக்கிற எஞ்சினை இன்னும் பத்து வருடம் ஓட்டவேண்டிய தலைமுறை நாங்கள்.

கழற்றிய ஒயில்

கடைசியாக ஒன்று. கராஜில் புது ஒயில் ஊற்ற முன்னம் பழசைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டார்கள். கறுப்பாக இருந்தது. இது எங்கே போகும் எண்டு கேட்டோம். சேர்த்து வைத்துக் கொடுக்கிறோம் எண்டார் அண்ணை. எல்லாக் கராஜும், எல்லா வீடும் அப்படிச் செய்வதில்லை. வேலிக்கரையில் ஊற்றுகிறவர்களை நாங்களே கண்டிருக்கிறோம். முந்தி ஆமணக்கு நின்ற அதே வேலிக்கரை.

யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளுக்குள் வந்தபோது சனம் தண்ணிக்கு பவுசரைப் பார்த்து நின்றது எங்களுக்கு நினைவிருக்கிறது. 2019இல் உயர் நீதிமன்றம், அங்கிருந்த தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் எண்டு தீர்ப்பளித்தது. கிணறு பழுதாகிய பிறகு வந்த தீர்ப்பு. நாங்கள் கழற்றுகிற நாலு லீற்றருக்கு எந்த நீதிமன்றமும் வராது. அதை மூடியுள்ள கானில் சேர்த்து, எடுக்கிற கராஜில் கொடுப்பது எங்கட வேலை. புது ஒயில் வந்த வெறும் கானைக் குத்திக் கிழித்து எறியுங்கள். இல்லாவிட்டால் வேறு யாரோ அதற்குள் எதையோ நிரப்பி, அதே ‘ஃபுல்லி சிந்தெற்றிக்’ எண்ட சொல்லோடு திரும்ப விற்பார்கள்.

நண்பன் 0டபிள்யூ-20 கானை, அதே இலக்கம் கேட்கிற ஹைபிறிட் கார் வைத்திருக்கிற மாமாவுக்குக் கொடுத்துவிட்டான். அடுத்த தடவை கடைக்குப் போனபோது விற்கிறவர், “தம்பி, இது ஃபுல்லி சிந்தெற்றிக்” எண்டு தொடங்கினார். இவன் கேட்டான்: “அது விளங்குது அண்ணை. இலக்கம் என்ன?”